தகப்பன் பெயர் தெரியாத பல்லிகள்

வளர்ப்பு ஊர்வன வம்சாவளிப் பதிவு அலுவலகத்தில் பொய்க்குத் தட்டுப்பாடு வந்ததே கிடையாது. தகப்பன் பெயர் சொல்லாத குஞ்சுகளைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே அங்கே வந்த பாம்பு, பல்லி எல்லாவற்றுக்கும் ஏழு தலைமுறைக்குக் குறையாத கண்ணியமான பரம்பரை இருந்தது.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பல்லிக்காரர் தன் சிறுத்தைப்பல்லிக் குஞ்சுகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார். மனிதருக்குப் பொய் சொல்ல வராது. அது அவருடைய போதாத காலம்.

“தகப்பன்?” என்றார் அதிகாரி, தலை நிமிராமல்.

“தெரியாதுங்க. என் வீட்டுக்காரி கூண்டெல்லாம் கழுவிட்டு ஆண் பல்லி ரெண்டையும் மாத்தி விட்டுட்டா. ரெண்டுமே பெட்டையோட இருந்திருக்கு. கேட்டா, ‘ரெண்டும் ஒரே மாதிரிதானே முழிக்குது’ன்னு என்னையே திட்டறா.”

“ஏதாவது ஒண்ணு பேரைச் சொல்லுங்களேன்.”

“தெரியாததை எப்படி சார் சொல்றது?”

“எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க!”

அதிகாரி நாக்கைக் கடித்துக்கொண்டார். வரிசையே அவரைப் பார்த்தது. உடனே எழுந்து நின்று, உண்மையைப் போற்றுவதே இவ்வலுவலகத்தின் தலையாய கொள்கை என்று அறிவித்து, அங்கேயே ‘நேர்மை முத்திரை’ என்று ஒன்றைப் புதிதாக ஏற்படுத்திக் குத்திக் கொடுத்தார். குஞ்சுகள் பிழைத்தன. பல்லிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு பாருங்கள் கூத்தை! வசதியான வீடுகளில் நேர்மை முத்திரைப் பல்லிதான் நாகரிகமாயிற்று. “இதுக்கு அப்பன் யாருன்னே தெரியாது, தெரியுமா?” என்று விருந்தாளிகளிடம் பீற்றிக்கொண்டார்கள். ஏழு தலைமுறையை மூச்சுவிடாமல் ஒப்பித்தவர்களுக்கெல்லாம் திடீரென்று மறதி வந்தது. ஒருவர் தாய் யாரென்றே தெரியாது என்று சத்தியம் செய்து இரண்டு முத்திரை வாங்கிப் போனார்.

அடுத்த பருவத்துக்குள் பல்லிக்காரரின் ஆண்களில் ஒன்று செத்துப்போயிற்று. மிஞ்சிய ஒன்றோடு புதுப் பெட்டை சேர்ந்து குஞ்சுகள் வந்தன. துள்ளிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

“இந்தத் தடவை தகப்பன் யாருன்னு நிச்சயமாத் தெரியும் சார்!”

அதிகாரியின் முகம் சுருங்கியது. “பொய் சொல்றவன்தான் இவ்வளவு நிச்சயமாச் சொல்லுவான். புது விதிப்படி, தகப்பன் பேர் சொன்னா குஞ்சுகள் பறிமுதல்.”

“எங்கிட்ட இருக்கிறதே ஒரே ஒரு ஆண்தான் சார்!”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

பல்லிக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். குஞ்சுகள் இமை கொட்டி அவரையே பார்த்தன. அவருக்கு மனசு கேட்கவில்லை.

“தெரியாதுங்க,” என்றார் பெட்டியை மூடிக்கொண்டே.

முத்திரை விழுந்தது. வரிசை முழுக்கக் கைதட்டியது. அன்று இரண்டு முத்திரை வாங்கிப் போனவர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்களைப் பார்த்துதான் சார் நாங்கல்லாம் நேர்மையாவே மாறினோம்!”