டங்டங் அக்காவின் வெள்ளைச் சட்டைப் பந்தயம்

ஆந்திர எல்லையிலிருக்கும் சத்தியவேட்டைச் சுற்றியுள்ள எந்த மரமும் டங்டங் அக்காவிடம் பொய் சொல்லித் தப்பித்தது கிடையாது. மனிதர்கள் தப்பித்திருக்கிறார்கள். அவர் ரசத்தைப் பற்றி நானே இரண்டு தடவை பொய் சொல்லிப் பிழைத்திருக்கிறேன். மரத்தால் அது முடியாது. விறகு வந்ததும் இரண்டு கட்டைகளைக் கையில் எடுத்து, ஒன்றோடு ஒன்றைத் தட்டி, காதருகே பிடிப்பார். 'டங்' என்று கணீரெனக் கேட்டால் உள்ளே. 'பொத்' என்று கேட்டால் வெளியே. பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஆள் எடுக்கும் அதிகாரிகள்கூட இவ்வளவு சீக்கிரம் முடிவு சொன்னதில்லை.

அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டோர் கீப்பராக இருந்த நான்கு வருடமும் அக்காவின் மெஸ்ஸில்தான் சாப்பிட்டேன். முதல் நாள் செவ்வாய்க்கிழமை, வாழைக்காய்ப் பொரியல் என்பதுவரை என் குறிப்பேட்டில் இருக்கிறது. அவருடைய பெயர் மட்டும் இல்லை. ஒருமுறை கேட்டேன்.

"பேரு தெரிஞ்சா பசி அடங்கிடுமா? உக்காந்து துன்னு நைனா" என்றார். அதையும் குறித்துக்கொண்டேன்.

மெஸ் என்பது ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதி. முன்னால் கூடம். அதில் தகரம் போர்த்திய நான்கு மேசைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கனத்த புளிய மரப் பெஞ்சு. பின்னால் சமையற்கட்டு, இரண்டு பெரிய அடுப்பு, கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகரக் குழாய். சுவரோரப் பெஞ்சின் மூலை என் இடம். என் இடது முழங்கால் மடங்காது. அங்கே உட்கார்ந்தால்தான் யாரையும் தடுக்கி விழவைக்காமல் காலை நீட்டிக்கொள்ள முடியும்.

விறகு வாங்கும் நாளில் வேடிக்கை பார்க்கவே ஆட்கள் சீக்கிரம் வருவார்கள். ஒருநாள் பலமனேர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் டிராக்டர் நிறைய மாங்கட்டை கொண்டுவந்தார்.

"எண்டின கட்டெலு அக்கா! மூணு மாசம் வெயில்லயே கெடந்து காஞ்சது" என்றார்.

அக்கா ஒரு கட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"ஏம்பா, சில்லுனு கீது. மூணு மாசமா, மூணு நாளா?"

"ஒட்டு அக்கா! சத்தியமா!"

"சத்தியத்த நீ ஏன் பண்ற? கட்டய பண்ணச் சொல்லு" என்று அதைக் கொண்டுபோய் எரிகிற அடுப்பில் நுழைத்தார். அரை நிமிடத்தில் கட்டையின் வெளிமுனையில் நுரை கட்டி, 'உஸ்ஸ்' என்று நீர் வடிந்தது.

"பாரு, அழுவுது. அம்மா வூட்டு நெனப்பு வந்துடுச்சி. வண்டியில ஏத்தி இட்னு போ."

அந்த மனிதர் திரும்பிப் போகும்போது தன் டிராக்டரின் மரப்பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனதை நான் பார்த்தேன்.

காய்ந்த விறகின் அடையாளங்களை அக்கா யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. திட்டியதில்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். வெட்டுமுகத்தில் வெயில் வெடிப்பு இருக்க வேண்டும். பட்டை, கேட்காமலே கழன்று வர வேண்டும். பார்வைக்குக் கனமாகவும் கைக்கு லேசாகவும் இருக்க வேண்டும். அடுப்பில் வைக்கும்போது நெருக்கி அடைக்கக் கூடாது. "அதுக்கும் மூக்கு கீது. மூச்சு வுட எடம் குடு" என்பார். சவுக்கு அவசரத்துக்கு, வேலிக்காத்தான் சோற்றுக்கு, புளி நின்று எரிய. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த மெஷின் ஆப்பரேட்டர் ஒருவர், கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினால் சீக்கிரம் பற்றுமே என்று யோசனை சொன்னார். அடுத்த ஒரு வாரம் அவருக்குக் கடைசிப் பந்தியில்தான் சோறு.

நானும் மூக்கை நுழைத்தேன். ஸ்டோரில் முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸ் வாங்கிக்கொண்டு போய், அடுக்கிலிருந்த ஒவ்வொரு கட்டையின் முகத்திலும் அது வெட்டப்பட்ட தேதியை, விறகுக்காரர்களிடம் கேட்டு வைத்திருந்தபடி, எழுதினேன். அக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே தேதி போட்ட இரண்டு கட்டைகளை எடுத்துத் தட்டினார். ஒன்று டங். ஒன்று பொத். பிளந்து காட்டினார், பொத் என்றதன் நடுவில் ஈரம் மினுமினுத்தது.

"இன்னா நைனா, ரெண்டும் ஒரே நாள்ல பொறந்ததுதான. உன் சாக்பீஸு இப்ப இன்னா சொல்லுது?"

நான் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வம்பு மாடியிலிருந்து வந்தது. ஐப்பசியில் மேல் வீட்டுக்குக் குடிவந்த கம்பெனி அதிகாரி ஒருவரை நாங்கள் மாடி சார் என்று அழைத்தோம். அவரிடம் ஐந்து வெள்ளைச் சட்டைகள். சனிக்கிழமை தோறும் ஐந்தும் பால்கனிக் கொடியில் தொங்கும். ஒரு சனிக்கிழமை அவற்றில் புகை வாடை அடித்தது. அன்று பக்கத்துக் காலிமனையில் யாரோ குப்பையைக் கொளுத்தியிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மாடி சார் மட்டும் அக்காவின் தகரக் குழாயைத்தான் பார்த்தார்.

வரதய்யபாளையத்திலிருந்து வீட்டு ஓனர் ஸ்கூட்டரில் வந்தார். நல்லவர், ஆனால் சண்டை என்றால் ஸ்கூட்டரைத் திருப்பிவிடுபவர்.

"மனக்கெந்துக்கு அக்கா இந்த கொடவ, நமக்கு எதுக்கு இந்தச் சண்டை? புகை வருதுன்னு சாரு சொல்றாரு. மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்கோயேன்."

அக்காவுக்கு அந்த அடுப்பைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. நாங்கள் எண்பது பேர் சாப்பிடுகிறோம். யாராக இருந்தாலும் குரலைத் தாழ்த்தியிருப்பார்கள். அக்கா உயர்த்தினார்.

"பொக பச்சக் கட்டையில வரும். பத்த வைக்கத் தெரியாதவன் அடுப்புல வரும். என் அடுப்புல எப்டி வரும்? ஓனரே, வர்ற ஞாயித்துக்கெழம வெள்ளச் சட்ட, வெள்ள வேட்டி கட்டிகினு வா. பத்து மணிலேர்ந்து சமையல் முடியற வரிக்கும் அடுப்பாண்ட குந்து. உன் சட்டையில கரி பட்டாலோ, பொகையில உன் கண்ணு கலங்குனாலோ அன்னிக்கே மூட்டய கட்டிக்கிறேன். இல்லன்னா, அப்பறம் என் அடுப்ப பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது."

"ஒப்புக்குறேன்!" என்று பால்கனியிலிருந்து மாடி சார் கத்தினார். ஓனர் ஒப்புக்கொண்டாரா என்று யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை புயல் மழை பிடித்தது. வெள்ளி மதியம் மூன்று மணி வாக்கில் காற்று விறகுக் கொட்டகையின் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது. சனிக்கிழமை நாள் முழுக்க அக்கா அடுக்கைப் பிரித்துத் தட்டிக்கொண்டே இருந்தார். என் குறிப்பேட்டில் அன்றைக்கு ஒரே வரிதான்: 'பொத்.'

ஓனரே போன் செய்தார். "மழை கதா, மழைதானே அக்கா. அடுத்த வாரம் வெச்சிக்கலாம்."

"ஏன், மழ பெஞ்சா யாருக்கும் பசிக்காதா?"

சிலிண்டர் வைத்துச் சமாளிக்கலாமே என்றார் ஒருவர். "அப்ப ஜெயிச்சது சிலிண்டரு. நான் இல்ல" என்றார் அக்கா. எங்கள் கம்பெனியில் கழித்துப்போட்ட சரக்குப் பலகைகள் காய்ந்துதான் இருக்கின்றன என்று நான் இரண்டைக் கொண்டுவந்தேன். முகர்ந்து பார்த்துத் தூக்கிப் போட்டார். "மருந்து வாசன. இதுல வெந்த சோத்த நீ துன்னுவியா?"

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. ஓனர் தன் பெண் கல்யாணத்துக்கு வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு, அடுப்பருகே பிளாஸ்டிக் நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். மாடி சார் பால்கனியில் போனைத் தகரக் குழாயின்மேல் குறிபார்த்துப் பிடித்தார். நாங்கள் இருபது முப்பது பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தோம். அடுப்பில் விறகு இல்லை.

அக்கா தட்ட ஆரம்பித்தார். கதவு நிலையைத் தட்டினார். டங். "ஓனரு சொத்து" என்று விட்டுவிட்டார். ஒருவரின் குடைக் கைப்பிடியைத் தட்டினார்; அவர் குடையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். பிறகு நாங்கள் உட்கார்ந்திருந்த முதல் பெஞ்சின் முன்னால் குனிந்தார்.

டங்.

கோயில் மணி மாதிரி ஒலித்தது. அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எழுந்திருங்க."

"அக்கா, இது பெஞ்சு" என்றார் ஒருவர், அக்காவுக்குத் தெரியாததுபோல.

"இத்தினி வருசமா எண்பது பேரு குந்தி குந்தி சூடு ஏத்துன கட்டடா இது. இதவிட காஞ்ச கட்ட சித்தூரு ஜில்லாவுலயே கெடையாது. எழுந்திருங்கடா!"

ஆணிகளைக் குறடால் பிடுங்கினார். கோடாலி விழுந்தது. செதில்களைக் கூடுபோல அடுக்கி ஒரே தீக்குச்சியில் பற்றவைத்தார். தீ பொன்னிறமாக நேராக நின்றது. இரண்டாவது பெஞ்சு டங், போனது. மூன்றாவது டங், போனது. நான்காவது என்னுடையது. நான் காலை இழுத்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா தட்டினார்.

டங். முப்பது பேரும் கேட்டோம்.

"இது ஈரம். வோணாம்" என்று திரும்பிப் போய்விட்டார்.

சோறு வடித்தாயிற்று. சாம்பார் இறங்கிற்று. ரசத்துக்கு விறகு தீர்ந்தது. "அதிகோ, ஒரு பெஞ்சு மிச்சம் கீதே அக்கா" என்று ஓனரே கையை நீட்டினார்.

"அது காயலன்னு சொன்னேன்ல?"

என்றவர், தான் உட்கார்ந்து காய் நறுக்கும் மணைக்கட்டையை எடுத்தார். நான்கு வருடத்தில் அவர் வேறு எதிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டே போடு. ரசம் கொதித்தது.

மாடி சார் மூன்று மணி நேரம் சுத்தமான வானத்தைப் படம் பிடித்திருந்தார். ஓனரின் சட்டை அவர் பெண்ணின் கல்யாண நாளில் இருந்ததைவிட வெள்ளையாக இருந்தது. முதல் இலை அவருக்கே. மூன்றாவது கவளத்தில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"பார்த்தீங்களா! கண்ணு கலங்குது! கண்ணு கலங்குது!" என்று மாடி சார் படியிறங்கி ஓடிவந்தார்.

"மிரபகாய சாரு, மிரபகாய!" என்று ஓனர் வாயிலிருந்து பாதிப் பச்சைமிளகாயை எடுத்து எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார்.

அன்று எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். மாடி சாரும் நின்றுகொண்டே சாப்பிட்டார், இரண்டு தடவை ரசம் வாங்கி. மனம் மாறிவிட்டார் என்று நினைத்தோம். மறுநாளே கோடாலிச் சத்தம் தாங்கவில்லை என்று ஓனருக்குப் போன் செய்தார். "சாரு, சத்தத்துல சட்டை கரியாவாது" என்று சொல்லி ஓனர் வைத்துவிட்டாராம். அவர் வாழ்க்கையில் போட்ட முதல் சண்டை அதுவாகத்தான் இருக்கும்.

அந்த வாரமே அக்கா பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிவிட்டார். சுவரோரப் பெஞ்சு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் மற்றவர்களுக்குத் தெரியாது. வந்த புதிதில், பழக்கதோஷத்தால், நான்கு பெஞ்சுகளின் அடியிலும் குனிந்து பார்த்துக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். நான்கிலும் தச்சர் பெயின்டில் எழுதிய தேதி ஒன்றே. ஒரே மரம், ஒரே அறுப்பு, ஒரே கூடம். மூன்று காய்ந்து ஒன்று மட்டும் ஈரமாக இருக்க, அது மற்ற மூன்றும் பார்க்காத மழையை எங்கே பார்த்தது?

இப்போது எனக்குத் திருப்பதியில் வேலை. போன மாதம் சத்தியவேடு பக்கம் போனபோது மெஸ்ஸுக்குள் நுழைந்து, என் மூலையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டேன். அக்கா உள்ளே விறகு பிளந்துகொண்டிருந்தார். யாரும் பார்க்காத நேரத்தில் பெஞ்சை விரல் முட்டியால் தட்டினேன்.

டங்.

"அத்த ஏன் தட்டிகினு கீற? அது ஈரம் நைனா" என்று சமையற்கட்டிலிருந்து குரல் வந்தது. "இன்னும் காயல. பேசாம குந்தி துன்னு."

தேதிகளை நான் தப்பாக எழுதியதில்லை. ஆனால் அன்று குறிப்பேட்டைத் திறந்து, சுவரோரப் பெஞ்சு என்பதற்கு நேராக, அக்கா சொன்னபடியே எழுதி வைத்தேன்: இன்னும் காயவில்லை.