பசைத் தொட்டிக்குத் தண்ணீர் எப்போது திறப்பது

மார்ச் 14, வெள்ளிக்கிழமை, காலை 10.40. நேற்று மதியத்திலிருந்து கணினி எடுத்து வைத்த அடிகள்: நான்கு கோடியே பதினோரு லட்சம்.

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் எழுதுவது. நான் நலம். அக்காவையும் பாப்பாவையும் விரிவாக விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள், நேரமில்லை. திங்கட்கிழமை புதுப் பசையைக் காய்ச்சும்போது தொட்டியின் பக்கத்தில் வால்வைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது நீங்கள். தொட்டி சூடேறிப் பொங்காமல் இருக்கக் குளிர்ந்த தண்ணீரை எத்தனையாவது நிமிடம் திறக்க வேண்டும் என்ற கணக்கை உங்கள் கம்பெனி எங்கள் ஆபீசுக்குக் கொடுத்தது. அது என் தலையில் விழுந்தது. "வாயால சொல்லாத மச்சான், எழுதிக் குடு, வால்வு பக்கத்துல ஒட்டணும்" என்றீர்கள். அதனால்தான் கடிதம்.

"ஒரு கணக்குக்கு இத்தனை நாளாடா?" என்று அக்கா போனில் கேட்டாள். அவளுக்கு இப்படிச் சொல்லுங்கள். தொட்டியில் பன்னிரண்டு பொருள்கள். சில கண் இமைக்கும் நேரத்தில் மாறி அடங்கிவிடும், சில ஒன்றரை மணி நேரம் ஆடி அசைந்து வரும். இதை எங்கள் தொழிலில் விறைப்பான சமன்பாடு என்போம். நான் முதலில் பிடித்தது, நேரத்தைத் துளித்துளி அடிகளாக நகர்த்திக் கணக்கிடும் சாதாரண முறை. அது பாப்பாவைத் தெருவில் கூட்டிப் போவது மாதிரி. அவள் ஓடும்போது அடிமேல் அடி வைக்கலாம், நியாயம். அவள் தோளில் தூங்கிவிட்ட பிறகும், எங்கே ஓடிவிடுவாளோ என்று அதே அடிமேல் அடி வைத்தால்? நாலு கோடி அடி வைத்தும் தொட்டியின் கடிகாரத்தில் ஒன்பது நிமிடம்தான் ஆகியிருக்கிறது. பொறுமை போய் நிறுத்திவிட்டேன்.

பக்கத்து மேசைக் கண்ணாடி மேடம் முந்தாநாளே சொன்னார், "விறைப்பான கணக்குக்கு வேற முறை இருக்கேப்பா, அத எடு." "தெரியும்" என்றேன். தெரியாது. இப்போது அதைத்தான் எடுத்தேன். ஒவ்வொரு அடியிலும் பன்னிரண்டையும் சேர்த்து வைத்துத் தீர்க்கும். ஓர் அடிக்கு வேலை அதிகம், ஆனால் எட்டிப் போடும். எவ்வளவு சின்ன அளவு வரை கண்டுகொள்ள வேண்டும் என்று அதற்கு ஓர் எல்லை சொல்ல வேண்டும். யாருக்கும் பாரபட்சம் வேண்டாமென்று பன்னிரண்டுக்கும் ஒரே எல்லை, ஆயிரத்தில் ஒன்று, கொடுத்தேன். மேடம் எட்டிப் பார்த்து, "எல்லாத்துக்கும் ஒண்ணேவா?" என்றார். "தெரியும் மேடம்."

மொத்தம் நாற்பத்தொரு அடி, ஒரு நொடி. முடிந்தது! வெப்பநிலைக் கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருக்கிறது. ஆகவே அத்தான், தண்ணீர் திறக்கவே வேண்டாம். ஸ்டூல் போட்டுக் காலாட்டிக்கொண்டு உட்காருங்கள். சோதனைக்குக் காய்ச்சியபோது பதினைந்து நிமிடத்துக்கு மேல் தொட்டி கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டதாக எழுதியிருந்தீர்களே, அது பிரமை. காதை டாக்டரிடம் காட்டுங்கள்.

அக்காவுக்கு அன்பு, பாப்பாவுக்கு முத்தம், உங்கள் காதுக்கு நல்வாழ்த்துகள்.

இப்படிக்கு,
மைத்துனன்

பி.கு. மதியம் 12.15. அத்தான், மேலே உள்ளதை ஒட்டாதீர்கள். மேடம் கோட்டைப் பார்த்து, "இது பசை காய்ச்சுற தொட்டியா, தண்ணி டேங்கா? உள்ள ஒண்ணுமே நடக்கலையே" என்றார். பசையைக் கிளப்பிவிடுகிற பொருள் தொட்டியில் இருப்பதே கோடியில் ஒரு பங்கு. ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே கண்டுகொள்ளாதே என்று நான் சொன்னதால், அது கிடையவே கிடையாது என்று முடிவுகட்டிவிட்டது கணினி. ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவுக்கு எல்லை கொடுத்து ஓட்டினேன். அறுநூறு அடி, நாலு நொடி. பதினேழாம் நிமிடம் கோடு செங்குத்தாக ஏறுகிறது. உங்கள் காதிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனிச் செய்யப்போவது:

1. எல்லைகளை இன்னும் பத்து மடங்கு இறுக்கி மறுபடி ஓட்டுவேன். பதினேழு நகர்ந்தால் விடமாட்டேன்.
2. நான் திட்டிய அந்த நாலு கோடி அடியை வீசவில்லை. முதல் ஒன்பது நிமிடத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்.
3. மேடத்திடம் இரண்டு "தெரியும்"களையும் வாபஸ் வாங்குவேன்.
4. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து உங்கள் பக்கத்தில் நிற்பேன். வால்வு உங்கள் கையில், கடிகாரம் என் கையில். பதினேழு வரை காத்திருக்காமல் மூன்று நிமிடம் முன்னதாகவே, பதினான்கில் திறக்கச் சொல்வேன். அதற்கு முன்னால் உங்கள் காதில் கடகட கேட்டால் என்னைக் கேட்காதீர்கள், திறந்துவிடுங்கள்.