வாசலிலேயே கம்பெனி பஸ்

உலகத்துக்குப் பெங்களூர் வழங்கிய மாபெரும் கொடை எது என்று கேட்டால், எல்லோரும் மென்பொருள் என்பார்கள். விவரம் தெரியாதவர்கள். மென்பொருளை நாளைக்கே வேறு ஊர்க்காரன் எழுதிவிடுவான். இந்த மாநகரத்து வீட்டுச் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்த ‘வாடகை நிர்ணய விஞ்ஞானம்’ இருக்கிறதே, அதற்கு ஈடு இணை கிடையாது. மற்ற ஊர்களில் வீட்டைப் பார்த்து வாடகை சொல்கிறார்கள். பழைய முறை. இங்கே குடிவருகிற ஆளைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

இரண்டாயிரமாவது ஆண்டில் அந்த விஞ்ஞானத்துக்குப் பரிசோதனைப் பொருளாகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. என் பெயர் கணேசமூர்த்தி. ஓசூர் ரோட்டில் ஒரு பெரிய மென்பொருள் கம்பெனியில் வேலை. மென்பொருளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஊழியர்களை ஏற்றிவரும் பஸ்கள் எந்தத் தெரு வழியாக வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா நான். ஆனால் இன்ஜினியர்கள் கழுத்தில் தொங்கிய அதே நீலப்பட்டி அடையாள அட்டைதான் என் கழுத்திலும் தொங்கியது. சம்பளம் மட்டும் வேறு.

மனைவி தமயந்தியும் மகள் வைஷ்ணவியும் ஆம்பூரில், மாமனார் வீட்டில் இருந்தார்கள். நான் நீலசந்திராவில் நாலு பிரம்மச்சாரிகளோடு ஒரே அறையில் ‘குடும்பஸ்தனாக’ இருந்தேன். சனிக்கிழமை ஊருக்குப் போனால், மகள் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். ஞாயிறு மத்தியானம்தான் தயங்கித் தயங்கி மடியில் வந்து உட்காருவாள். அதற்குள் நான் ரயிலுக்குக் கிளம்ப வேண்டும். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

“ஜூன்ல இவள எல்கேஜில போடணும். அங்கயா, இங்கயா? சட்டுன்னு சொல்லுங்க” என்றாள் தமயந்தி.

“பெங்களூர்லதான்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு புரோக்கர் பழனிச்சாமியோடு வீடு பார்க்கப் புறப்பட்டேன். கழுத்தில் அட்டை. ஞாயிற்றுக்கிழமை எதற்கு அட்டை என்று கேட்கக் கூடாது. எங்கள் கம்பெனியில் கோயிலுக்குப் போகிறவன்கூட அதைக் கழற்ற மாட்டான். கழுத்தில் பட்டி இருந்தால் ஹோட்டலில் சப்ளையர் ஓடி வருவார், பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கொடுப்பார்.

ஒக்கலிபுரத்தில் முதல் வீடு. ரயில் போகும்போதெல்லாம் சுவர் அலமாரி தானாகத் திறந்துகொண்டது. சொந்தக்காரர் ஏதோ ஒரு தொகை சொல்ல வாயெடுத்தார். அவர் பார்வை என் நெஞ்சுக்கு வந்தது. பிறகு சொன்ன வாடகை என் சம்பளத்தைவிட அதிகம்.

“சார், நான் இன்ஜினியர் இல்ல. பஸ் பாக்கறவன்.”

“எல்லா சாஃப்ட்வேர்காரரும் இப்படித்தான் சொல்றாங்க.”

அடுத்த வீட்டில் அட்டையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். எங்கே வேலை என்று கேட்டார்கள். ஒரு ஆபீசில் குமாஸ்தா என்றேன். “கம்பெனி ஆளுங்களுக்குத்தான் கொடுக்கறது” என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அட்டை இருந்தால் வாடகை எட்டாது. இல்லாவிட்டால் வீடே கிடையாது. எவ்வளவு துல்லியமான விஞ்ஞானம்!

“மாட்டறதா வேணாமான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க ஸ்வாமி. எனக்கும் மரியாதை போவுது” என்றார் பழனிச்சாமி.

ஆகவே காக்ஸ் டவுனுக்குச் சமரசமாகப் போனேன். அட்டை சட்டைக்குள்ளே, பட்டி வெளியே. அங்கேதான் வீட்டுச் சொந்தக்காரர் குலத்துக்கே திலகமான திரு. ஓஸ்வால்ட் அவர்களின் தரிசனம் கிடைத்தது. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு சின்னத் தெருவில் வீடு. வீட்டின் ஒவ்வொரு குறையும் அவர் வாயில் ‘ஆன்டிக்’ ஆனது.

“இது ஃபயர்ப்ளேஸ் மேன், வெள்ளக்காரன் வச்சது” என்றார். அதற்குள் புறாக்கள் குடித்தனம் செய்தன. அவற்றுக்கு என்ன வாடகை என்று நான் கேட்கவில்லை. அடுத்து பாத்டப். குழாய் இல்லை, தண்ணீர் இல்லை. வெந்நீர் அடுப்புக்காகத் தேங்காய் மட்டை நிரப்பி வைத்திருந்தார். கக்கூஸ் முற்றத்தைத் தாண்டி இருந்தது. “நடந்து போறதுக்கு நல்ல காத்து வரும்.” கறுப்பு வட்ட சுவிட்ச் ஒன்றைத் தொட்டேன். ஷாக் அடித்து உதறித் தள்ளியது.

“ஒண்ணும் பண்ணாது, பழகிரும். இந்த சுவிட்ச் இப்ப எங்க கெடைக்குது சொல்லுங்க?” என்றவர் பட்டியைப் பார்த்தபடி, “கம்பெனில என்னா, ப்ரோக்ராமா?” என்றார்.

“பஸ் ரூட் போடறேன் சார்.”

திரு. ஓஸ்வால்ட் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

“டோரீன்! சாருக்குக் காபி கொண்டா. அந்த நீல பஸ்ஸா? மெயின் ரோட்டுல போவுதே, அதுவா? நம்ம தெருவுக்குள்ள வராதா?”

வரலாம்தான். எங்கள் ஊழியர்கள் ஏழெட்டுப் பேர் அந்தப் பக்கமிருந்து மெயின் ரோட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். இதைச் சொல்லி, பஸ்ஸைத் தெருவுக்குள் திருப்பிவிடுகிறேன் என்றதும் வாடகை மளமளவென்று இறங்கி, என் சம்பளத்துக்குள் வந்து நின்றது. இதை லஞ்சம் என்பவர்கள் பாமரர்கள். ‘பரஸ்பர வளர்ச்சி’ என்பதே சரியான பெயர்.

ஜூனில் தமயந்தியும் குழந்தையும் வந்து சேர்ந்தார்கள். தமயந்தி சுவிட்சை மாற்றினாள், புறாக்களைக் காலி செய்தாள், பாத்டப்பில் துணி ஊறவைத்தாள். வைஷ்ணவிக்கு ஒளிந்துகொள்ளும் பழக்கம் போயே போய்விட்டது. சாயங்காலம் நீல பஸ்ஸிலிருந்து நான் இறங்குவதற்குள் வாசலுக்கு ஓடி வருவாள். நான் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்பு இருந்ததில்லை.

தெருவும் ‘வளர்ந்தது’. ‘வீடு வாடகைக்கு, வாசலிலேயே கம்பெனி பஸ்’ என்று ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் போர்டு தொங்கியது. எதிர்வீட்டில் வெகுகாலம் குடியிருந்த மரியா டீச்சர் புது வாடகை கட்டுப்படியாகாமல் சாமான்களை டெம்போவில் ஏற்றினார். கிளம்பும் முன் அவர் பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தார். நல்லவேளை, என்னைப் பார்க்கவில்லை.

பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் திரு. ஓஸ்வால்ட் தட்டில் கேக்கோடு வந்தார்.

“மூர்த்தி, தெரு ரேட்டே ஏறிப்போச்சு மேன். ஒரு இன்ஜினியர் டபுளா தர்றேன்றான். நான் என்னா பண்றது? பஸ் வருது இல்ல?”

“அந்த பஸ்ஸ வர வச்சதே நான்தானே சார்?”

“அத மறப்பனா? அதனாலதான் உங்கள அப்படியே விடல. பின்னாடி தெருவுல என் வீடு இன்னொண்ணு காலியா கெடக்குது. அங்க பஸ் வர்றதில்ல, வாடகையும் கம்மி. நீங்க அங்க போயிடுங்க.” குரலைத் தாழ்த்தினார். “பஸ்ஸ மெதுவா அங்க கொண்டாந்தா போதும்.”

என்ன பெருந்தன்மை! மாட்டேன் என்றால் குழந்தை மறுபடி ஆம்பூருக்குப் போக வேண்டும். சரி என்று தலையாட்டினேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்படி ஒரு உத்தமர் வீட்டில் குடியிருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தமயந்தியிடம் சொன்னேன்.

அவள் கேக்கைத் தொடவில்லை.

“இவரு நம்மளக் குடி வைக்கலங்க. தெருத்தெருவா வாடகை ஏத்துற வேலைக்கு வச்சிருக்காரு. அந்த வேலையச் செஞ்சுட்டு, மாசாமாசம் அவருக்குச் சம்பளமும் நாமதான் குடுக்கறோம்.”