ஈரப்பதம் அண்ணன் கழித்த முப்பத்தொன்பது ரன்கள்

“...ஆக முப்பத்தொம்பது ஈரம் போச்சா? மிச்சம் அறுபத்தஞ்சு. அறுபத்தஞ்சுக்கு இன்னாத்துக்குடா கேக்கு?”

பெற்ற மகள் கல்லூரி அணிக்காக ஒருநாள் மேட்சில் நூற்றி நான்கு அடித்துவிட்டு வந்து நிற்கிறாள். நெல் மண்டி வாசலில் நாங்கள் கேக்கும் கத்தியுமாக நிற்கிறோம். அப்போது அப்பன்காரர் வழங்கிய வாழ்த்துரைதான் இது. செஞ்சியில் இரண்டு கோட்டைகள் உண்டு. ராஜகிரிக் கோட்டையையாவது பல பேர் பிடித்திருக்கிறார்கள். ஈரப்பதம் அண்ணனின் தீர்ப்பு என்ற கோட்டையை இன்றுவரை ஒருத்தரும் பிடித்ததில்லை.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கோயில் பதிவேட்டில் பத்திரமாக இருக்கும். மண்டியில் நெல்லுக்கு ஈரம் பார்ப்பது அவர் வேலை, அதனால் ஊருக்கு அவர் ஈரப்பதம். மண்டிக்கு வரும் மூட்டையில் குத்தூசியை ஒரு குத்து குத்தி, உள்ளங்கையில் விழுந்த நெல்லில் ஒன்றைக் கடிப்பார். “ஈரம் பதினெட்டு” என்பார். அப்புறம் மெஷினில் போட்டால் அதுவும் பயந்துகொண்டு பதினெட்டு காட்டும். ஈரத்துக்குத் தக்கபடி எடையில் கழிவு. வல்லத்து விவசாயி அழுதாலும், பனமலை விவசாயி சிரித்தாலும் கழிவு கழிவுதான்.

இதை நெல்லோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? மனுசன் கிரிக்கெட்டுக்கும் கழிவு போட்டார்.

மண்டிக்கு எதிரில்தான் என் ஜெராக்ஸ் கடை. பக்கத்து டீக்கடையில் ஒருநாள் கிரிக்கெட்டின் ஆகப் பெரிய பேட்ஸ்மேன் யார் என்று தினமும் சண்டை நடக்கும். அந்தச் சண்டையில் ஆட்டக்காரர் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அண்ணன் போட்ட முதல் சட்டம்.

“பேரச் சொன்னா பாசம் வந்துரும்டா. மூட்ட மேல மச்சான் பேரு எழுதியிருந்தா நான் ஈரம் பாக்க முடியுமா?”

ஆகவே ‘அந்தக் காலத்து ஆளு’, ‘இந்தக் காலத்து ஆளு’, ‘எடது கை’ என்று மொட்டையாகத்தான் பேச வேண்டும். இந்தக் காலத்து ஆளுக்கு யாராவது வாய் திறந்தால் போதும், அண்ணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிடும்.

“ரெண்டு பக்கமும் புதுப் பந்து. பந்து பழசே ஆகல, எப்பிடிடா திரும்பும்? கழி! பவுண்டரி கவுத்த இழுத்து உள்ள போட்டுட்டான். கழி! பேட்டு நம்ம மண்டிக் கதவு மாதிரி இருக்குது. கழி! ஃப்ரீ ஹிட்டுல அடிச்சது மொத்தமும் பதரு, தூத்தி வுடு!”

சரி, அந்தக் காலத்து ஆள்தான் பெரியவர் போலிருக்கிறது என்று கிழவர்கள் சந்தோஷப்பட்டால் அதற்கும் விடமாட்டார். “அப்ப ஃபீல்டிங் பண்ணவன்ல பாதிப் பேரு குனியவே மாட்டான். கழி!”

ஒருமுறை பஸ் ஸ்டாண்டு பக்கம் ரசிகர்கள் தங்கள் ஆளுக்கு ஃபிளெக்ஸ் வைத்து, எத்தனை சதம் என்று ஆள் உயரத்துக்கு எழுதினார்கள். விடிந்து பார்த்தால் அந்த எண்ணுக்குக் கீழே ஒரு வெள்ளைத்தாள்: ‘கழிவு நீங்கலாக.’ கொதித்துப்போன ரசிகர்கள் அவரை ஸ்டேஷனுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அங்கிருந்த ஏட்டையா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப யாருதான்யா பெஸ்ட்டு?” என்றார்.

“நெல்லு இன்னும் களத்துல காயுது சார். அவசரப்பட்டு ரேட்டு சொல்லக்கூடாது.”

இப்படிப்பட்டவரின் மகள்தான் ஜெயராணி. நூற்றி நான்கு அடித்த பெண். மறுநாள் காலை விழுப்புரத்தில் மாவட்ட அணிக்குத் தேர்வு. அதற்குள் ஒரு வாய் கேக் ஊட்டலாம் என்று நாங்கள் நின்றால், அண்ணன் அவளைக் குறுக்கு விசாரணை செய்கிறார். மைதானத்தில் ஒரு பக்கம் எல்லைக்கோடு கிட்டவா? கழி பத்து. கேட்ச்சை விட்டார்களா? கழி ஒன்பது. எதிர் அணியில் பந்து போட்டதில் இரண்டு பேர் கபடிப் பெண்களா? கழி இருபது.

நான் குறுக்கே போனேன். “யோவ், நீ மனுசனா? கொழந்த மூஞ்சியப் பாருய்யா!”

டீக்கடைக்காரர் கரண்டியோடு வந்துவிட்டார். “மகளுக்குமாடா கழிவு? நீயெல்லாம் சோத்துல உப்பு போட்டுத்தான் துன்றியா?”

“மகள்னு பாத்தா அது தீர்ப்பாய்யா?” என்று அண்ணனும் பாய்ந்தார்.

ஜெயராணி அழவில்லை. கத்தியைக் கேக்கின் பக்கத்தில் வைத்தாள்.

“நைனா, என் மேட்ச் எத்தினி பாத்துக்கிற நீ?”

“அறுப்புக் காலம்டி...”

“ஒண்ணு கூட பாக்கல. மூட்டையில குத்தாம, கையில வாங்காம, ஒரு நெல்லு கடிக்காம ஈரம் சொல்லிட்ட. இதையே வேற எவனாச்சும் செஞ்சா மண்டியிலயே வச்சி ஒதைப்ப இல்ல?” கிட் பையை மூட்டைகள் மேல் தூக்கி எறிந்தாள். “நாளைக்கு நான் செலக்சனுக்குப் போகல. அறுபத்தஞ்சுக்கு எவன் எடுப்பான்?”

 அண்ணன் மூட்டை மேல் கிடந்த பையை எடுத்தார். 

“தப்பு” என்றார் மெதுவாக. “சாம்பிள் எடுக்காம சொல்லிட்டேன்.”

பிறகு பையைத் திறந்து பந்தை எடுத்தார். கைலியை மடித்துக் கட்டினார். நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்தில் நடந்துபோய் அந்தக் கோடியில் நின்றார்.

“பேட்ட எடுடி.”

“யோவ் ஈரப்பதம்! என் பன்னெண்டு மூட்ட நிக்குதுய்யா!” என்று ஒரு விவசாயி கத்தினார். உள்ளேயிருந்து முதலாளியும் கத்தினார். அவர் காதில் எதுவும் விழவில்லை. முப்பது வருடம் கிரிக்கெட் பேசிய மனிதர் அதுவரை ஒரு பந்து கூடப் போட்டதில்லை என்பது முதல் பந்திலேயே தெரிந்துபோனது. பந்து பின்பக்கமாகப் போய் தவிட்டுக் குவியலில் விழுந்தது.

“நைனா, செருப்பக் கழட்டு. வழுக்கி வுழுந்து தொலைக்கப் போற” என்றாள் ஜெயராணி. கோபம் தீராமலேதான் பேட்டை எடுத்தாள்.

இரண்டாவது பந்து மண்டி ஓட்டுக்கு மேலே போனது. மூன்றாவது என் ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியில். ஒவ்வொரு அடிக்கும் அவரே ஓடிப்போய்ப் பொறுக்கி வந்தார், மூச்சிரைக்கத் திரும்பப் போட்டார். சத்தம் போட்ட விவசாயி தன் மூட்டை மேலேயே ஏறி உட்கார்ந்து, “அப்பிடிப் போடும்மா ஒண்ணு!” என்று கை தட்ட ஆரம்பித்துவிட்டார். பொழுது இறங்கியபோது அண்ணனின் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை.

“போதும் நைனா, கை போயிடும். நாளைக்கு ஆறு மணி பஸ்ஸுக்குப் போறேன், சரியா?”

“போறோம்னு சொல்லு” என்றார்.

அறுப்பு நேரத்தில் ஒருநாள் கூட மண்டியை விட்டு நகராதவர் மறுநாள் விழுப்புரம் பஸ் ஏறினார். அவளை ஜன்னல் ஓரம் உட்காரவைத்தார். பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. “உக்காருய்யா பெருசு” என்று கண்டக்டர் இரண்டு தடவை சொன்னாராம். இவர் உட்காரவில்லை. கீழே வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று, வலி எடுத்த வலது கை தொங்க, இடது கையால் அந்தக் கிட் பையை நெஞ்சோடு அணைத்தபடி விழுப்புரம் வரைக்கும் நின்றுகொண்டே போனாராம்.