கதை சொல்லாத மகள்

கொழும்பில் இருக்கும் என் அன்புக்குரிய சின்னம்மாவுக்கு,

அஹங்கமவிலிருந்து நெத்மி பணிவுடன் எழுதுவது. நாங்கள் மூவரும் உடம்பால் நலம். மனதால் எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். சித்தப்பாவின் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் நான் முதலில் கவனித்தது, அந்த வெள்ளைக்கார அம்மா மேசையில் இருந்த தட்டுகளை எண்ணியதைத்தான். இரண்டு. பிறகு எங்களை எண்ணினார். மூன்று. அதற்குப் பிறகு அவருடைய கைகள் மடியை விட்டு மேலே வரவே இல்லை.

அவர்கள் டென்மார்க்கிலிருந்து வந்த பிர்கித் அம்மாவும் அவர் கணவர் ஓலுபும். ஊர்க்காரர் வீட்டில் சாப்பிடலாம் என்ற அந்தப் போன் ஆப்பில் எங்கள் வீட்டை நீங்கள் சேர்த்துவிட்டீர்கள் அல்லவா, அதைப் பார்த்து வந்த முதல் ஆட்கள். முதல் ஆட்கள் ஐந்தில் நான்கு நட்சத்திரமாவது தராவிட்டால் வீட்டை நீக்கிவிடுவார்கள் என்று சொன்னதும் நீங்கள்தான். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. இருபது வருடமாக ஊரில் எல்லா வீட்டிலும் பிக்குகளுக்குக் கொடுக்கும் தானத்துக்கு அம்மாதான் சமைக்கிறார், ஒருவரும் அவர் பெயரைச் சொன்னதில்லை, இப்போதுதான் அவருடைய பெயர் படத்தோடு ஓரிடத்தில் வந்திருக்கிறது. அது இருக்கட்டும். "சரளமாகப் பேசும் மகள் நெத்மி ஊர்க்கதைகள் சொல்லி உங்களை மகிழ்விப்பாள்" என்று எழுதியிருந்தீர்களே, அது யார் சின்னம்மா? எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கச் சொன்னதற்காகவே பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடைக்கே வயல் வரம்பால் சுற்றித்தான் போகிறேன்.

சிவப்பரிசிச் சோறு, பலாப்பிஞ்சுக் கறி, கொறுக்காய்ப்புளி போட்ட சூரை மீன், பருப்பு, சம்பல், அப்பளம் எல்லாம் வைத்தாயிற்று. அம்மா அகப்பையோடு கதவடியில் நின்றார். அப்பா பேப்பரால் ஈ விரட்டிக்கொண்டு ஜன்னலடியில் நின்றார். நான் திரைச்சீலைக்குப் பின்னால், முகம் மட்டும் வெளியே. வந்தவர்கள் வயிறார உண்டு எழும்பிய பிறகுதானே நாங்கள் உட்காருவோம்? அவர்களோ எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். பிர்கித் அம்மாவின் போன் எங்கள் மொழியில் வானொலிச் செய்தி வாசிப்பதுபோல, "தயவுசெய்து நீங்களும் அமருங்கள்" என்றது. கூப்பிடுவது மரியாதை, மறுப்பது அதைவிட மரியாதை என்பதால் அப்பா போனுக்குத் தலை குனிந்து, "பரவாயில்லை, நாங்கள் பிறகு" என்றார். "வீட்டார் ஒருவராவது அமர்ந்து உண்ணத் தொடங்காமல் எங்கள் நாட்டில் எவரும் கரண்டியைத் தொடுவதில்லை" என்றது போன். அதையும் மரியாதைப் பேச்சென்றே எடுத்து அப்பா இன்னும் நன்றாகக் குனிந்தார்.

"என்னப்பா, கை வைக்கினமில்லை?" என்று அம்மா மெல்லக் கேட்டார்.

"உறைப்பெண்டு பயம் போல. நான் அப்பவே சொன்னன், கிழங்கை அவிச்சு வையெண்டு."

"நீங்கள் சொன்னதெல்லாம் கேட்டிருந்தா இப்ப வெறும் மேசைதான் இருந்திருக்கும்."

அம்மா ஓடிப்போய் முட்டை பொரித்து வந்தார். அவர்கள் சிரித்தார்கள். அப்பா சைக்கிளை மிதித்துப் பாணும் பட்டரும் வாங்கி வந்தார். அவர்கள் நன்றி சொல்லிச் சிரித்தார்கள். பிறகு வாழைப்பழம். பிறகு அயல் வீட்டிலிருந்து கடன் வாங்கிய பிஸ்கட். முக்கால் மணி நேரத்தில் மேசை நிறைந்துவிட்டது, அப்பளம் துணிபோலத் துவண்டுவிட்டது, ஓலுப் ஐயாவின் வயிறு இரைந்தது எனக்குத் திரைக்குப் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அம்மா அகப்பையைப் பிடித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்போது என்ன ஆனது என்று எனக்கே தெரியாது. திரையை விலக்கிக்கொண்டு வந்தேன், கதிரையை இழுத்தேன், தட்டில் சோறு போட்டேன், குனிந்த தலை நிமிராமல் சாப்பிடத் தொடங்கினேன்.

"அடியே! வந்த ஆக்கள் வாய் வைக்க முன்னம் நீ விழுங்குறியே! மானத்தை வாங்கிறியே!"

அம்மா சொல்லி முடிக்கும் முன்பே அவர்கள் இரண்டு பேரும் சோற்றில் பாய்ந்துவிட்டார்கள். பலாப்பிஞ்சு மூன்று முறை. மீன் சட்டியை ஓலுப் ஐயா பாணால் துடைத்தே எடுத்தார். பிறகு பிர்கித் அம்மா எழும்பி, அம்மாவின் தோளைப் பிடித்துக் கதிரையில் அமர்த்தினார். அம்மா கதிரை நுனியில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சம்பலுக்கு உப்புக் காணாது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் தண்ணீர் கேட்கக்கூட வாய் திறக்கவில்லை.

இன்று காலை போனில் வந்தது. நான்கு நட்சத்திரம். "சமையல் அற்புதம். கதை சொல்லும் மகளைச் சந்திக்க முடியாததால் ஒன்று குறைத்தோம். வீட்டில் இன்னொரு மகள் இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுவாள்." அதோடு ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஐந்து பேர் வரக் கேட்டிருக்கிறார்கள். போன் பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஐந்து பேர் சின்னம்மா! என்னால் முடியாது. ஆகவே நீங்களே வீட்டை நீக்கிவிட்டு, நட்சத்திரம் போதவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார். என்னைப் பற்றி நீங்கள் எழுதியதையே டென்மார்க் நம்பியதே.

புத்தம், தர்மம், சங்கம் என்ற மும்மணிகளின் காவல் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருக்கட்டும். முக்கியமாக, இனி என்னைப் பற்றி எதுவும் எழுதாதபடி உங்கள் விரல்களுக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு,
நன்றாகச் சாப்பிடும் மகள்,
நெத்மி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அம்மா வந்து கதவடியில் நின்றார். "ஒண்டும் வரேல்லையோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், "வராது, எனக்குத் தெரியும். சம்பலுக்கு உப்புக் காணாதுதானே" என்று திரும்பிப் போனார். கூப்பிட்டு நிறுத்தினேன். நான்கு நட்சத்திரத்தையும் சத்தமாக, எழுந்து நின்று, மூன்று முறை வாசித்துக் காட்டினேன். பிறகு அந்த ஐந்து பேருக்கும் "வரலாம்" என்பதை அழுத்தினேன்.