அண்ணாந்து குடித்த அரைப் பைண்ட்

நான் மதுவைத் தொடாதவன். இதை என் வீட்டில் சொன்னால் மனைவியும் இரண்டு மகள்மாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் வாழ்க்கையில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் அதற்கு விதிவிலக்கு. என் கெட்ட காலம், அந்தச் சனிக்கிழமை படத்தோடு அச்சில் வந்துவிட்டது.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தெட்டு வயது. லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் அக்கா வீட்டில் தங்கி, குரொய்டனில் ஒரு சின்னக் கந்தோரில் கட்டட வரைபடம் கீறிக்கொண்டிருந்தேன். அக்கா எனக்கு மிச்சம் என்கிற பக்கத்து ஊரில் ஒரு பெண் பேசியிருந்தாள். பெயர் வதனி. அவளுடைய அப்பா சிவபாதம் மாமா அங்கே பேப்பர், பால், பாண் விற்கும் கடை வைத்திருந்தார். பெண் பார்க்கப் போன அன்று அவர் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, குடி கிடி ஏதும் உண்டோ?"

"இல்லை மாமா, தொடுறேல்லை."

(குரலில் ஒரு சந்நியாசியின் அடக்கம் இருந்ததாக அக்கா பிறகு சொன்னாள். அப்போது அது முழு உண்மையும்கூட.)

பிறகு மாமா அண்ணாந்து தண்ணீர் குடித்தார். செம்பு உதட்டில் படவில்லை. "லண்டனுக்கு வந்ததும் எங்கட சனமே போத்தலில வாய் வைச்சுக் குடிக்குது, எச்சில் எண்ட நினைப்பே இல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டார். தேத்தண்ணீர் தந்த வதனி ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையோடு நான் சரி. இரண்டு கிழமையில் மோதிரம் மாற்றுவதென்று முடிவாயிற்று. அந்த மோதிரத்துக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன், இரண்டு கிழமை வீட்டில் சும்மா இருப்பதைத் தவிர.

எங்கள் கந்தோரின் தலைவர் கொலின். அவருக்குக் கோவில், குளம் எல்லாம் பியர்தான். அதிலும் பெரிய கம்பனிகளின் பியர் அவருக்குச் சட்டி கழுவிய தண்ணீர். நாட்டுப்புறத்தில் நாலைந்து பேர் சேர்ந்து கைப்பட வடிக்கும் பியர்தான் பியர். வருடத்துக்கொரு முறை கந்தோர் ஆட்களை ஒரு வான் வண்டியில் ஏற்றி, கென்ட், சரே பக்கத்து வடிசாலைகளைச் சுற்றிக் காட்டுவார். வானை ஓட்டுவது அவருடைய மனைவி. "நீ குடிக்க வேண்டாம், சும்மா வந்து மணத்தை மட்டும் பிடித்துப் பார்" என்றார் கொலின் என்னிடம். கந்தோரில் நானும் ஒரு ஆள் என்று கூப்பிடுகிறார்களே என்ற புளுகத்தில் துள்ளிக்கொண்டு ஏறிவிட்டேன்.

முதல் இடம் ஒரு பண்ணையின் பின்பக்கக் கொட்டில். சிவந்த தாடிக்காரர் ஒருவர் பீப்பாயைத் திறந்து ஒரு கிளாஸில் அரைப் பைண்ட் பிடித்தார். ஒரே ஒரு கிளாஸ். கொலின் ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினார், பக்கத்தில் கொடுத்தார். அவர் குடித்து அடுத்தவருக்கு. கிளாஸ் காலியாகக் காலியாகத் தாடிக்காரர் நிரப்பினார். ஐந்து பேரின் வாய் பட்டு, விளிம்பெல்லாம் ஈரமாக அது என் கைக்கு வந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த மணம் எனக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பியர் பயமாக இல்லை, எச்சில்தான் பயம்.

அண்ணாந்தேன். கிளாஸை ஒரு சாண் உயரத்தில் பிடித்து வார்த்தேன்.

தண்ணீரை அப்படிக் குடிப்பது ஒரு கலை என்றால், பியரை அப்படிக் குடிப்பது தற்கொலை. அது தொண்டைக்குள் நுரைத்துக்கொண்டு நிற்கும். வாயை மூடினால் முகத்தில் கொட்டும். ஆகவே நிறுத்தவே முடியாது. மற்றவர்கள் ஒரு மிடறு ருசி பார்த்த இடத்தில் நான் முழுக் கிளாஸையும் முடித்துவிட்டுக் கண்ணீரோடு நிமிர்ந்தேன். பிறகு கைதட்டல்! தாடிக்காரர் "இன்னொரு தரம்!" என்று கிளாஸை நிரப்பினார். இருபத்தெட்டு வருடத்தில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. நான் மறுக்கவில்லை.

இரண்டாவது இடத்தில் கொலின் என்னை முன்னாலே தள்ளி, "பொறுங்கள், இவரைப் பாருங்கள்" என்று அறிமுகமே செய்தார். அங்கே ஒரு சாண் ஒரு முழமாயிற்று. கறுப்புப் பியர், கசப்பு, நடுவில் கோப்பிபோல ஒரு ருசி என்று கொலின் விளக்கினார். எனக்கு ருசி எங்கே தெரிந்தது, மூக்கால்தான் போனது.

மூன்றாவது இடத்தில் திறப்பு விழா. ஊர்ச் சனமெல்லாம் நின்றது. எங்கள் பக்கத்துக் கடைகளிலும் விற்கும் வாரப் பத்திரிகையின் படப்பிடிப்பாளரும் நின்றார். நான் கையை முழுதாக நீட்டி, வானத்திலிருந்து வார்த்தேன். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. கண் கூசி, ஒரு கால் பின்னால் வைத்தேன். அங்கே பன்றிப் பண்ணைக்கென்று அள்ளி வைத்த, பியர் வடித்த தானியச் சக்கை, ஒரு தொட்டி நிறைய, வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குள் குந்தினேன். கொலினின் மனைவி வான் சீட்டில் பழைய பேப்பர் விரித்துத்தான் என்னை இருத்தினார்.

அடுத்த வியாழக்கிழமை கொலின் சந்தோஷமாக வந்தார். "நாளைக்குப் பேப்பரில் வருகிறாய். ஐந்தாம் பக்கம்!"

அந்தப் பேப்பரை விற்பது சிவபாதம் மாமா அல்லவா!

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மிச்சத்துக்கு ஓடினேன். கடையில் வதனி மட்டும் நின்றாள். நிம்மதியாக இருந்தது.

"இந்தப் பேப்பர் வேணும்."

"எத்தினை?"

"இருக்கிற எல்லாம்."

"பதினெட்டு இருக்கு. எல்லாத்திலயும் ஒரே நியூஸ்தானே?"

"கந்தோரில... எல்லாரும் கேட்டவை."

அவள் மெல்ல ஐந்தாம் பக்கத்தை விரித்தாள். தேடக்கூட இல்லை. "அப்பா காலமை அஞ்சு மணிக்குக் கட்டு அவிழ்க்கேக்கயே எல்லாப் பேப்பரும் வாசிச்சிடுவார்" என்றாள். பின்னறைத் திரையை விலக்கிக்கொண்டு மாமா வந்தார். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது.

"தம்பி, இது நீர்தானே?"

"ஓம் மாமா."

"தொடுறேல்லை எண்டு சொன்னீர்."

"சொல்லேக்க தொடேல்லை மாமா. பிறகுதான்..."

அக்காவின் முகம், மோதிரம், வதனியின் அந்த ஒரு பார்வை எல்லாம் போய்விட்டதென்றே நினைத்தேன். அழுகை வந்தது. மாமா கண்ணாடியை இறக்கிப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"அவையள் எல்லாருக்கும் ஒரே கிளாஸோ?"

"ஓம் மாமா."

"நீர் மட்டும் வாய் வைக்கேல்ல."

"எச்சில் மாமா. எப்பிடி வைக்கிறது?"

அவர் முகத்தில் இரண்டு சிவபாதங்கள் சண்டை பிடித்தார்கள். கடைசியில், "குடிச்சது பிழை. குடிச்ச விதம் சரி. நான் என்ன செய்ய?" என்று மகளைப் பார்த்தார்.

வதனி பேப்பரை மடித்தாள். "அப்பா, ஒளிச்சுக் குடிக்கிற ஆளை எண்டால் நான் கட்டமாட்டன். இந்த மனுசன் பேப்பர்காரனை வைச்சுக்கொண்டு குடிச்சிருக்கு. இவரால என்னட்டை ஒண்டையும் ஒளிக்க ஏலாது. எனக்கு ஓகே."

அன்றிலிருந்து நான் பியரைத் தொடவில்லை. வதனி சொன்னதும் பொய்க்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக வேறு எதையெதையோ ஒளிக்கப் பார்த்து ஒவ்வொரு முறையும் பிடிபட்டிருக்கிறேன். அந்தப் பதினெட்டுப் பேப்பரையும் மாமா விற்கவில்லை, கயிறு கட்டி எடுத்து வைத்துவிட்டார். இப்போது அந்தக் கட்டு எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. குடும்பத்துக்குள் யார் புதிதாக வந்தாலும் வதனி ஒன்றை உருவிக் கொடுப்பாள். பெரிய மகள் தான் விரும்பிய பொடியனை முதன்முதலாகக் கூட்டிவந்த அன்று, அவன் சப்பாத்தைக் கழற்ற முன்னமே ஐந்தாம் பக்கம் அவன் கையில் இருந்தது. பிறகு நான் தண்ணீர்க் கிளாஸைத் தூக்கியதும், பாவம், அவன் கதிரையை இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டான்.

அந்தக் கட்டுக்குள் இன்னும் ஏழு பேப்பர் மிச்சம் இருக்கிறது. சின்ன மகளுக்கு இனித்தான் கல்யாணம்.