பூனைக்காலிப் பந்தல்

புத்தகம் படித்துத் தோட்டம் போடுகிற ஆள் உங்கள் வீட்டில் இருந்தால், கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அப்படிப்பட்ட ஆளாக இருந்தவன் சொல்கிறேன்.

நம் சூட்டுப் பூமியில், ஐப்பசி கார்த்திகையில் பூப்பதற்கு வெளிநாட்டுச் செடி எதற்கு என்பது அப்போது என் கொள்கை. ஆவாரை, சங்குப்பூ, செங்காந்தள் என்று நாட்டுச் செடியாகத் தேடி வைத்தேன். வாசல் பந்தலை முழுக்க மூடுகிற கொடி மட்டும் அமையவில்லை. கனகம்மாசத்திரம் பக்கம் ஒரு வேலியில் கரு ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்தேன். பெயர் பூனைக்காலி என்றார்கள். (பூனை! எவ்வளவு சாதுவான பெயர்!) விதை வாங்கி ஆடியில் ஊன்றினேன். ஐப்பசியில் பந்தலே ஊதாவாகிவிட்டது. திருத்தணியிலேயே நான்தான் ரசிகன் என்று தலைகால் புரியாமல் திரிந்தேன்.

கார்த்திகையில் காய்த்தது. காய் முழுக்கப் பழுப்பு நிறத்தில் பூனை முடி.

"இன்னாடா இது, புளியங்காய்க்கு மயிர் மொளச்ச மாதிரி கீது?" என்றாள் அம்மா.

"வெல்வெட்டும்மா" என்றேன், தொட்டுப் பார்க்காமலே.

என் தங்கை ரேவதிக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். வருகிறவர்கள் அவளை நடக்கச் சொல்வார்கள், பேசச் சொல்வார்கள், நிறத்தை உற்றுப் பார்ப்பார்கள். பிறகு, "போய் சொல்லியனுப்புறோம்" என்று கிளம்புவார்கள். ஒவ்வொரு முறையும் அவள் பேச்சு கொஞ்சம் குறைந்தது. கடைசியில் வீட்டிலேயே, "ஆங்", "இல்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

மார்கழி பிறப்பதற்குள் பார்த்துவிட வேண்டுமென்று பள்ளிப்பட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளை குமார், அவர் பெற்றோர், அத்தை. மழை விட்ட புழுக்கம். எல்லோரையும் பந்தலடியில் உட்காரவைத்தேன். அத்தோடு விட்டேனா? உள்ளேயிருந்து பெரிய ஸ்டாண்டு ஃபேனைத் தூக்கிவந்து, பந்தலைப் பார்த்துத் திருப்பி, முழு வேகத்தில் போட்டேன்.

முதலில் மாப்பிள்ளையின் அப்பா கழுத்தைச் சொறிந்தார். பிறகு அவர் மனைவி. பிறகு எங்கள் நைனா, பெண்ணைப் பெற்ற அப்பா, தன் சட்டைப் பித்தானை எல்லோர் முன்னிலையிலும் கழற்ற ஆரம்பித்தார். அத்தை நிமிர்ந்து பந்தலைப் பார்த்தார்.

"அய்யய்யோ! யாருப்பா பூனைக்காலிய வாசல்ல ஏத்தி வுட்டது? ஃபேன நிறுத்துங்க, காய் முடி பறந்து மேல வுழுது! மாட்டுச் சாணி கெடச்சா எடுத்துகினு வாங்க, பூசினா அரிப்பு அடங்கும்!"

காபித் தட்டோடு வந்த ரேவதி ஒரு நொடி நின்றாள். தட்டை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு ஓடினாள், கட்டியிருந்த பட்டுப்புடவையோடு. திரும்பி வந்து, "கைய நீட்டுங்க. சொறியாதீங்கன்றேன்ல!" என்று அதட்டி ஒவ்வொருவருக்கும் சாணியை அப்பினாள். நானும் வரிசையில் நின்றேன். எனக்கு மட்டும் வாயிலும் கொஞ்சம் அப்பினாள்.

அன்று அவளை யாரும் நடக்கச் சொல்லவில்லை. யாரும் நிறம் பார்க்கவில்லை. அவரவர் முதுகே அவரவர்க்குப் பெரும்பாடாக இருந்தது. சாணி காய்ந்த முகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அரிப்பையும் மறந்து நின்றேன்.

நைனா தயங்கித் தயங்கி, "பொண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"என்னிய கேக்காதீங்க மாமா" என்றார் குமார். "மூஞ்சி பூரா சாணியோட ஒக்காந்துகினு கீறேன். அவங்களுக்குப் புடிச்சிருக்குதான்னு கேளுங்க."

எல்லோரும் ரேவதியைப் பார்த்தோம்.

"மொதல்ல மூஞ்ச கழுவிட்டு வரச் சொல்லுங்க" என்றாள் அவள். "பார்த்துட்டு சொல்றேன்."

கழுவிவிட்டு வந்தார். அவளும் நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

கொடியை அன்றைக்கே நைனா சாக்கைச் சுற்றிக்கொண்டு வேரோடு பிடுங்கிவிட்டார். ரேவதி வாழப்போன பள்ளிப்பட்டில் எனக்குப் பெயர் 'பூனைக்காலி பாவா', அதாவது பூனைக்காலி மச்சான். நான் போய் எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் முதுகைச் சொறிந்து காட்டுவார். ரேவதியின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் ரேவதி சிரிக்காமல் சொன்னாள்:

"ண்ணா, கொஞ்சம் வெதை வாங்கி வைய்யி. நாளைக்கு எம்பொண்ணப் பாக்க எவனாவது வந்து நடக்கச் சொன்னா தேவைப்படும்."